மணற்சாடியில் ஒரு போத்தல்

வைன் என்றதும் யாழ்ப்பாணத்தவருக்குத் தோலகட்டியே நினைவுக்கு வரும். 1928 ஆம் ஆண்டில் தோமஸ் அடிகளார் அங்கு நிறுவிய செபமாலைத் தாசர் சபைத் துறவிகளின் வைனும் நெல்லி ரசமும் குடாநாடெங்கும் பெயர்பெற்றவை. நத்தார் நாளில் சிறு கிண்ணத்தில் அன்னையார் ஊற்றித் தந்த அந்த இனிப்பே வைனின் சுவை என்று நெடுங்காலம் எண்ணியிருந்தேன்.

2018 இல் மெல்பேணிலிருந்து வந்த தமையனார் இரண்டு போத்தல் கபர்னே சோவிஞ்ஞோன் கொணர்ந்தார். விலை அதிகமன்று, ஆயினும் ஐந்தாண்டு வைத்திருக்கத்தக்கது என்றார். "நான் திரும்பி வரேக்க இரண்டையும் உடைப்பம், தம்பி" என்று சொல்லிப் போனார்.

வைத்திருப்பது எளிதா? கபர்னே முந்திரிகையின் தோல் தடித்தது. அதிலிருந்தும் விதையிலிருந்தும் இறங்கும் துவர்ப்பு காலஞ்செல்லச் செல்லத்தான் தணியும். அதற்குப் பன்னிரண்டு முதல் பதினான்கு பாகை வரையிலான குளிர் வேண்டும் என்பர். நம் கிணற்று நீரே அவ்வளவு குளிர்ந்ததன்று! ஒரு போத்தலை அலுமாரியின்மேல் நிறுத்தினேன். மற்றதைக் குசினியின் வடக்கு மூலையில், ஈரமணல் நிரப்பிய அகன்ற மண்சாடியில் படுக்கவைத்தேன். தக்கை நனைந்திருந்தாற்றான் சுருங்கிக் காற்றை உள்ளே விடாது. (திருகுமூடியாயின் இந்தத் தொல்லை இல்லை.) நாள்தோறும் மணலுக்கு நீர் தெளிப்பது என் கடமையாயிற்று. வீட்டார் நகைத்தனர்.

2023 சித்திரையில் தமையனார் வந்தார். உடல் மெலிந்து, கைத்தடியுடன் வந்தார். ஒரு மிடறுக்கு மேல் ஆகாதென்பது வைத்தியர் கட்டளை.

முதலில் அலுமாரிப் போத்தலை எடுத்தோம். வெப்பத்தில் விரிந்த வைன் தக்கையை மேலே தள்ளியிருந்தது. நிறம் செங்கல்லாகிவிட்டது; வாயில் வேகவைத்த முந்திரிகை வற்றலின் சுவை. தமையனார் ஒன்றும் சொல்லாது கிண்ணத்தை நகர்த்திவைத்தார். அந்த ஒரு மிடறையும் இதில் வீணாக்கிவிட்டேனே என்று எனக்கு நெஞ்சு பதைத்தது.

மணற்சாடிப் போத்தலின் மேற்றாள் நனைந்து உரிந்துபோயிருந்தது. தக்கையோ அசையவில்லை. ஊற்றியபோது நாவற்பழத்தை ஒத்த கருஞ்சிவப்பு. விளிம்பில் மட்டும் சற்றே பழுப்பு. துவர்ப்பு நாவைப் பற்றிப் பின் மெல்ல விட்டது. கபர்னேயின் தாய்தந்தையர் கபர்னே பிராங்கும் சோவிஞ்ஞோன் பிளாங்கும் என்பதைக் கலிபோர்னியா ஆய்வாளர் 1997 இல் மரபணுவால் கண்டறிந்தனராம். கறுப்புக்கும் வெள்ளைக்கும் பிறந்த பிள்ளை! தமையனாரே இதைச் சொல்லிச் சிரித்தார். வந்த நாள் முதல் அன்றுதான் சிரித்தார்.

பின்னர் கிண்ணத்தை விளக்கொளியில் நெடுநேரம் பிடித்திருந்து, வைத்தியர் சொன்ன மிடறை அருந்தினார்.

"தோலகட்டி வைன் மாதிரி இனிக்கேல்லை," என்றார். சிறிது பொறுத்து, "மிச்சத்தை மூடி வை, தம்பி. நாளைக்கும் ஒரு வாய் குடிப்பம்."

தக்கையை இறுக அடைத்து, மீண்டும் மணலில் வைத்தேன்.