ஒன்பது வினைச்சொற்கள்

ஒன்று திரும்பி வருகிறது என்று மகிழ வேண்டுமானால், அது முன்பு நம்மிடம் இருந்திருக்க வேண்டும். 2012 பிப்ரவரியில் டபுள் ஃபைன் என்ற அமெரிக்க நிறுவனம், பழைய பாணியில் ஒரு சாகசக் கணினி விளையாட்டைச் செய்யப்போகிறோம், 4 லட்சம் டாலர் வேண்டும் என்று இணையத்தில் பொதுமக்களிடம் கேட்டது. 33 லட்சத்துக்கும் மேல் சேர்ந்தது. பெரிய நிறுவனங்கள் செத்துப்போனதாகக் கைகழுவிய ஒரு வகைக்கு மறுபடி உயிர் வந்தது. பணம் கட்டியவர்களில் பலர் தங்கள் பிள்ளைப்பருவத்தை நினைத்துக் கட்டியவர்கள்.

எனக்கு அந்த ஏக்கம் கிடையாது. தொண்ணூறுகளில் எங்கள் ஊரில் ஒரே ஒரு கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. டைப்ரைட்டிங் முடித்த பெண்கள் அங்கே போய் எம்.எஸ். ஆபீஸ் படிக்கலாம், வேலைக்கு உதவும். மாலையில் விளையாட உட்கார்ந்தவர்கள் பையன்கள். பெண்பிள்ளைக்குக் கணினி ஒரு தகுதி மட்டும்தான். ஆண்பிள்ளைக்கு அது பொழுதுபோக்காகவும் இருக்கலாம். இந்த விளையாட்டுகளை நான் முதன்முதலில் தொட்டபோது எனக்கு வயது 41. மற்றவர்களுக்கு மறுவருகை, எனக்கு முதல் வருகை.

இவற்றில் சுடுவதில்லை, துரத்துவதில்லை. திரையில் ஓர் அறை இருக்கும். மேசை, பூட்டிய பெட்டி, சன்னல், ஓர் ஆள். மவுஸால் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து, எடுக்க முடிந்ததை எடுத்துப் பையில் போட்டு, எது எதோடு பொருந்தும் என்று யோசித்து அடுத்த அறைக்கு வழி காண வேண்டும். 1987-இல் வந்த ‘மேனியாக் மேன்ஷன்’ திரையின் அடியில் வினைச்சொற்களை அடுக்கி வைத்தது. அதைச் செய்த ரான் கில்பர்ட்டும் கேரி வின்னிக்கும் 2017-இல் ‘திம்பிள்வீட் பார்க்’ என்ற புதிய விளையாட்டில் அந்த அடுக்கைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். மொத்தம் ஒன்பது சொற்கள்: திற, மூடு, கொடு, எடு, பார், பேசு, தள்ளு, இழு, பயன்படுத்து.

இலக்கணம் நடத்துகிற என் கண்ணில் அந்தப் பட்டியல் வேறு மாதிரி பட்டது. தமிழில் வினையடியே ஏவலும் ஆகிறது. ‘எடு’ என்பது வேர்; ‘எடு’ என்பதே கட்டளை. மரியாதை விகுதி எதுவும் சேராமல், முன்னால் நிற்பவரை ஒருமையில் ஏவுவது. கதவைத் திற, தண்ணி கொடு, தட்டை எடு, பிள்ளையைப் பார். ஒரு வீட்டில் இந்தச் சொற்கள் யாரை நோக்கி வருகின்றன என்று நான் சொல்லத் தேவையில்லை. விளையாட்டில் அதே சொற்கள் என் கைக்கு வந்துவிடுகின்றன. எடு என்கிறேன், திரையில் நிற்கும் ரேயஸ் என்ற எஃப்.பி.ஐ. அதிகாரி எடுக்கிறான். முடியாவிட்டால் ஏன் முடியாது என்று எனக்குப் பதில் சொல்கிறான்.

அடுத்தது நேரம். இப்போது வருபவற்றில் பெரும்பாலானவை நம்மை அவசரப்படுத்துவதில்லை. குக்கர் விசிலுக்கும் மாமியாரின் மாத்திரைக்கும் எழுந்து போகலாம். திரும்பி வரும்வரை ரேயஸ் அதே அறையில் நின்றுகொண்டிருப்பான். எங்கள் வீட்டில் இதற்குச் ‘சின்னப்பிள்ளை விளையாட்டு’ என்று பெயர். அதே கூடத்தில் நாள் முழுக்கக் கிரிக்கெட் பார்ப்பதற்கு அப்படி ஒரு பெயர் இல்லை. பெண் கையில் புத்தகம் இருந்தால், ஏதோ பயன் இருக்கும் என்று விட்டுவிடுவார்கள். பயனே இல்லாத ஒரு மணி நேரத்துக்குத்தான் அவளுக்கு அனுமதி கிடைக்காது. கவிதைக்கு உதவும் என்று சொல்லி அந்த அனுமதியை வாங்க எனக்கு விருப்பமில்லை. பிடித்திருக்கிறது, விளையாடுகிறேன்.

ஆய்வேடு எழுதிய பழக்கம் விடுமா? இந்த வகையின் தொடக்கத்தைத் தேடிப் போனேன். அங்கே இரண்டு பெண்கள் இருந்தார்கள்.

அமெரிக்காவின் கென்டக்கியில் ஃப்ளின்ட் ரிட்ஜ், மாமத் என்று இரு பெரும் குகைத்தொகுதிகள். உள்ளே அவை இணைகின்றனவா என்பது நெடுநாள் கேள்வி. 1972-இல் பாட்ரீசியா க்ரௌதர் என்ற குகை ஆய்வாளர், பருத்த உடல்காரர்கள் நுழைய முடியாத ஓர் ஒடுங்கிய பிளவுக்குள் தவழ்ந்து அப்பால் போனார். அந்த வழியைத் தொடர்ந்து, அவ்வாண்டு செப்டம்பர் 9 அன்று, அவரும் இருந்த குழு இணைப்பைக் கண்டுபிடித்தது. அவரும் கணவர் வில் க்ரௌதரும் சேர்ந்து குகைகளை அளந்து வரைபடம் ஆக்கியவர்கள். மணமுறிவுக்குப் பின், 1970களின் நடுவில், வில் தன் இரு மகள்களுக்காக அந்தக் குகையின் ஒரு பகுதியை எழுத்தாலான கணினி விளையாட்டாக்கினார். 1977-இல் டான் வுட்ஸ் அதை விரிவாக்கினார். ‘கொலாசல் கேவ் அட்வென்ச்சர்’ என்ற அந்த விளையாட்டின் பெயரிலிருந்துதான் இந்த வகைக்கே பெயர் வந்தது. ஆக்கியவர்களாகச் சொல்லப்படுவது வில், டான் இருவரும்தான். உடம்பைச் சுருக்கிக்கொண்டு குகைக்குள் வழி கண்டவர் அடிக்குறிப்பில் இருக்கிறார்.

அந்த விளையாட்டில் மயங்கியவர் ராபர்ட்டா வில்லியம்ஸ். இருபதுகளில் இருந்தவர், இரண்டு சிறு பிள்ளைகளின் தாய். சமையலறை மேசையில் தாள்களை விரித்து, தன் கதைக்கான அறைகளை வரைந்தார். கணவர் கென் நிரல் எழுதினார். எழுத்தோடு படமும் சேர்ந்த ‘மிஸ்டரி ஹவுஸ்’ 1980-இல் வந்தது. பிறகு ‘கிங்ஸ் க்வெஸ்ட்’ தொடர். 1988-இல் வந்த அதன் நான்காம் பாகத்தில் தந்தையின் உயிரைக் காக்கப் புறப்படுபவள் மகள் ரொசெல்லா. கணினி உலகின் ஆண்களுக்குக் கார் ஷெட் புராணம் உண்டு. அது ஒரு தொழில் பிறந்த இடமாகக் கொண்டாடப்படும். சமையலறை மேசையைப் பற்றிப் பேசும்போது மட்டும் ‘ஓர் இல்லத்தரசியா இப்படி’ என்ற வியப்பு வந்து ஒட்டிக்கொள்கிறது.

அதனால்தான் எது உயிர்பெறுகிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது. டபுள் ஃபைன் திரட்டிய பணத்தில் உருவாகி 2014-இல் முதல் பாகம் வந்த ‘ப்ரோக்கன் ஏஜ்’ விளையாட்டில், ஊரைக் காக்க அரக்கனுக்குக் கன்னிப்பெண்களைப் படைக்கிறார்கள். வெல்லா என்ற பெண்ணைக் கேக் போல அலங்கரித்து வீடே பூரித்து நிற்கிறது. அரக்கனோடு ஏன் சண்டை போடக் கூடாது என்று அவள் கேட்கிறாள். ‘திம்பிள்வீட் பார்க்’கில் டெலோரஸ் என்ற பெண், குடும்பத் தொழிலை விட்டு விளையாட்டு நிரல் எழுதப் போனதால் சொத்தை இழக்கிறாள். ராபர்ட்டாவும் பல்லாண்டு ஓய்வுக்குப் பின் 2023 ஜனவரியில் திரும்பினார். அந்த ஆதிக் குகையையே முப்பரிமாணத்தில் புதிதாக ஆக்கித் தந்தார். அதற்குள் நடக்கும்போது, யார் தவழ்ந்து கண்ட உலகம் இது என்று தெரிந்து நடப்பதும் மறுவருகையின் ஒரு பகுதி. பழைய படங்களுக்குப் புதுமெருகு ஏற்றுபவர்கள் பழைய பெயர்களையும் மெருகேற்றட்டும்.

முதுகலை வகுப்பில் ஏவல் வினை நடத்தும்போது இப்போதெல்லாம் இந்த ஒன்பதையும் பலகையில் எழுதி, பட்டியல் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். சென்ற பருவத்தில் கடைசி வரிசை மாணவி ஒருத்தி அதை இரண்டு முறை படித்துவிட்டுச் சொன்னாள்: “இதுல சமை, துவை, பெருக்கு எதுவுமே இல்லையேம்மா.”