தோளில் ஒரு பை, துணைக்கு ஒரு நட்பு... செட்டிநாட்டில் மூன்று நாள்!

ஆஸ்திரேலியாவுக்கு பேக்பேக்கிங் போகிறவர்கள் வழக்கமாகப் போடும் ஒரு கணக்கு உண்டு. அடிலெய்டு மாதிரி ஒரு நகரத்தில், மலிவான ஹாஸ்டலில் பையை வைத்துவிட்டு ஒருநாள் ஊரைச் சுற்றுவார்கள். மறுநாள், ஒரு மணி நேரத்துக்குச் சற்று கூடுதலான பயணத்தில் இருக்கும் பரோசா பள்ளத்தாக்குக்குப் போய், திராட்சைத் தோட்டங்களையும் ஒயின் ஆலைகளையும் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். தங்குவதற்கு நகரம், ருசிப்பதற்குக் கிராமம்.

விசாவும் விமான டிக்கெட்டும் இல்லாமல் இதே கணக்கில் போய்வர நம்மூரிலேயே ஓர் இடம் இருக்கிறது. தங்குவதற்குக் காரைக்குடி. சுற்றிப் பார்க்க, சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் எழுபத்துச் சொச்சம் நகரத்தார் ஊர்கள். இங்கே ஒயின் கிடையாது. ஆனால், ஓர் ஊரின் மண்ணையும் மனிதர்களையும் நாக்கில் காட்டும் விஷயத்தில் செட்டிநாடு எந்தப் பள்ளத்தாக்குக்கும் சளைத்ததில்லை.

செட்டிநாடு என்றாலே பணக்காரச் சுற்றுலா என்று ஒரு பேச்சு இருக்கிறது. அரண்மனை போன்ற வீடுகளை ஹோட்டலாக்கி, ஓர் இரவுக்குப் பல ஆயிரம் வாங்குகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால், காரைக்குடி பேருந்து நிலையத்தைச் சுற்றிச் சாதாரண லாட்ஜ்களும் இருக்கின்றன. இருவர் ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டால் செலவு பாதி. சென்னையிலிருந்து வருகிறவர்களுக்குப் பல்லவன் எக்ஸ்பிரஸ் காரைக்குடி வரைக்குமே வருகிறது. விமானத்தில் வருகிறவர்கள் மதுரையிலோ திருச்சியிலோ இறங்கலாம். இரண்டுமே ஏறக்குறைய ஒரே தூரம், சுமார் 90 கிலோமீட்டர்.

கிராமங்களுக்கு நகரப் பேருந்துதான் சரியான வாகனம். தோழிகளாகச் சேர்ந்து வருகிறவர்களுக்கு இன்னொரு லாபம், சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்கு டிக்கெட்டே கிடையாது. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. சில ஊர்களுக்கு பஸ் அடிக்கடி வராது. இறங்கியதும் திரும்பும் பஸ் எத்தனை மணிக்கு என்று நடத்துநரிடமோ டீக்கடையிலோ கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த மண்ணுக்கு மூட்டையோடு கிளம்புவது புதிதும் அல்ல. நகரத்தார் பையன்கள் பத்துப் பதினைந்து வயதிலேயே பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் சைகோனுக்கும் கப்பல் ஏறினார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘கொண்டுவிக்கப் போவது’. போன இடத்தில் தங்கியது ‘கிட்டங்கி’யில். நீளமான ஒரே கூடம், ஒவ்வொருவருக்கும் பாய் விரிக்குமளவுக்கு இடம், முன்னால் ஒரு சாய்வுப் பெட்டி. பகலில் அதுவே அலுவலகம், இரவில் அதன் பக்கத்திலேயே படுக்கை, சாப்பாடு எல்லோருக்கும் பொது. இன்றைய ஹாஸ்டல்களின் ‘டார்மிட்டரி’க்கு நூறு வருஷத்துக்கு முந்தைய அண்ணன் என்று தாராளமாகச் சொல்லலாம். அப்படிப் பாயில் படுத்து மிச்சம் பிடித்த காசுதான் இங்கே கோட்டை மாதிரி வீடுகளாக எழுந்து நிற்கிறது.

முதல் நாளுக்கு கானாடுகாத்தான். ஊரின் பெரிய பெயர், ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் அரண்மனை. 1929-ல் சிதம்பரத்தில் அண்ணாமலை பல்கலைக்கழகத்தை நிறுவிய அதே அண்ணாமலை செட்டியார். அரண்மனையை வெளியிலிருந்து பார்ப்பதோடு பெரும்பாலும் திருப்திப்பட வேண்டும். ஏமாற்றம் வேண்டாம், இந்த ஊரின் சுவாரஸ்யம் ஒற்றை அரண்மனையில் இல்லை, தெருக்களில் இருக்கிறது.

நூல் பிடித்த மாதிரி நேரான தெருக்கள். ஒரு வீட்டின் வாசல் இந்தத் தெருவில் என்றால், அதன் கொல்லை வாசல் அடுத்த தெருவில். நடுவே முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு, அடுப்படி என்று வரிசையாகப் போகும். வாசலில் நின்றால், கதவுகள் எல்லாம் திறந்திருக்கும்பட்சத்தில், கொல்லை வெளிச்சம் வரை ஒரே கோட்டில் தெரியும். முகப்பு, ஆண்கள் கணக்கு வழக்குப் பேசும் இடம். வளவு என்பது நடுமுற்றமும் அதைச் சுற்றிய அறைகளும். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் அங்கே தனி அறை உண்டு, கூரை மட்டும் எல்லோருக்கும் ஒன்று. முற்றத்தில் விழும் மழைநீரை அண்டாவில் பிடித்துக் குடிக்கவும் சமைக்கவும் வைத்துக்கொள்வார்கள். வறண்ட சீமையில் வீடு கட்டியவர்களுக்குத் தண்ணீரின் விலை தெரிந்திருக்கிறது.

தேக்கு பர்மாவிலிருந்து, பளிங்கு இத்தாலியிலிருந்து, இரும்புத் தூண் இங்கிலாந்திலிருந்து, கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து. சுவர்ப் பூச்சு மட்டும் உள்ளூர்க்காரர்களின் கைவேலை. சுண்ணாம்பை அரைத்து, முட்டை வெள்ளைக் கரு சேர்த்து, பல அடுக்காகப் பூசித் தேய்த்தார்கள். தடவிப் பார்த்தால் இன்றைக்கும் கன்னம் மாதிரி வழவழவென்று இருக்கும்.

ஆனால், தடவிப் பார்க்க வீடு திறந்திருக்க வேண்டுமே? கானாடுகாத்தானில் நடக்கிறவர்கள் அதிகம் பார்ப்பது பூட்டுகளைத்தான். பொங்கல், கல்யாணம், பங்காளிகள் கூடும் படைப்பு மாதிரி நாள்களில் மட்டும் வீடுகள் விழித்துக்கொள்கின்றன. மற்ற நாள்களில் சாவி காவல்காரர் கையில். சில வீடுகளில் சிறு தொகை வாங்கிக்கொண்டு முகப்பு வரை காட்டுவார்கள். கேட்டுவிட்டுப் போவதுதான் மரியாதை. செருப்பை வெளியில் விட்டுவிட்டு, பூஜை அறையை போட்டோ எடுக்காமல் திரும்பினால் அடுத்து வருகிறவர்களுக்கும் கதவு திறக்கும்.

ஏன் இத்தனை பூட்டு? பதில் பர்மாவில் இருக்கிறது. கீழ் பர்மாவின் நெல் விவசாயத்துக்குக் கடன் கொடுத்தவர்களில் நகரத்தார்தான் முதன்மையானவர்கள். 1930-களின் உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது. விவசாயிகளால் கடனைத் திருப்ப முடியவில்லை, அடமான நிலம் கடன் கொடுத்தவர்கள் கைக்கு வந்தது. முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் 6 சதவிகிதமாக இருந்த செட்டியார் நிலம், 1938-ல் 25 சதவிகிதம் ஆனது. நிலத்தை இழந்த பர்மியர்களின் கோபமும் கூடவே வளர்ந்தது. 1941 டிசம்பரில் ரங்கூன் மேல் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. லட்சக்கணக்கான இந்தியர்கள் காடும் மலையும் கடந்து நடந்தே தப்பினார்கள். 1948-ல் சுதந்திரம் பெற்ற பர்மா நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்தது. 1962-ல் வந்த ராணுவ ஆட்சி மிச்சத்தையும் எடுத்துக்கொண்டது. வரும்படி நின்றுபோன வீடுகளில் பிள்ளைகள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் வேலை தேடிப் போனார்கள். வீடு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இரண்டாம் நாள் ஆத்தங்குடி. பூப்போட்ட தரை டைல்ஸால் உலகமெல்லாம் தெரிந்த பெயர். இங்கே ‘பெரிய வீடு’ என்ற மாளிகையைக் கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டுகிறார்கள். கூரையெல்லாம் மரவேலைப்பாடு, தரையெல்லாம் வண்ணம். சினிமாக்களில் பார்த்த ஞாபகம் வந்தே தீரும். ஆனால், நேரம் குறைவென்றால் அதைவிட டைல்ஸ் கூடத்துக்கே முதலிடம் கொடுக்கலாம்.

ஒரு கண்ணாடிப் பலகை. அதைச் சுற்றி இரும்புச் சட்டம். அதற்குள் பூ வடிவத்தில் தகட்டு அச்சு. சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று சிமென்ட்டில் குழைத்த சாயத்தைச் சின்னக் கரண்டியால் அச்சின் ஒவ்வோர் அறையிலும் ஊற்றுகிறார்கள். பிறகு, கையைக் கொஞ்சமும் நடுங்கவிடாமல் அச்சைத் தூக்க வேண்டும். தூக்கினால் நிறங்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும், கலக்காது. அதன் மேல் உலர்ந்த மணலும் சிமென்ட்டும் தூவி, அதற்கும் மேல் ஈரக் கலவையைப் போட்டு நிரவுகிறார்கள். காய்ந்ததும் சில நாள்கள் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுவார்கள். சூளையும் கிடையாது, நெருப்பும் கிடையாது. கடைசியில் கண்ணாடியைப் பிரிக்கும்போது தெரிகிறது பளபளப்பு. அது கண்ணாடியிடமிருந்து வாங்கியது, பாலீஷ் போட்டதல்ல. நடக்க நடக்கத் தரை மேலும் மின்னும்.

ஒவ்வொரு டைல்ஸும் ஒருவர் கையில் பிறப்பதால் எந்த இரண்டும் அச்சு அசல் ஒன்றாக இருப்பதில்லை. இயந்திர டைல்ஸ் மலிவாகக் கிடைக்கும் காலத்தில் இந்தத் தொழில் இன்னும் நிற்பதற்கு, வீடு கட்டுகிறவர்களின் ஆசை ஒன்றுதான் காரணம்.

அன்று மாலை காரைக்குடி திரும்பியதும், டவுனில் பழம்பொருள் கடைகள் இருக்கும் முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு எல்லோரையும் போலப் போகத்தான் தோன்றும். எனாமல் தூக்குவாளி, பீங்கான் ஜாடி, பர்மா அரக்குப் பாத்திரம், ரவிவர்மா ஓவிய அச்சுகள், பழைய பிஸ்கட் டின்கள்... மணிக்கணக்கில் கிளறலாம். கூட வந்த இருவரில் ஒருவராவது எதையாவது வாங்கியே ஆக வேண்டும் என்று நிற்பார்.

கொஞ்சம் நிமிர்ந்து பார்த்தால், சுவரோரம் தேக்குத் தூண்கள் சாய்ந்து நிற்கும். கஜலட்சுமி செதுக்கிய நிலைகள், கதவுகள், ஜன்னல்கள். இவை எந்தப் பட்டறையிலிருந்தும் வரவில்லை. இடிக்கப்பட்ட ஏதோ ஒரு வளவிலிருந்து வந்தவை. ஒரு வீட்டுக்குத் தலைமுறை கடந்து பத்து, இருபது, சமயத்தில் அதற்கும் மேல் பங்காளிகள் இருப்பார்கள். பழுது பார்ப்பதற்கு எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும். கூரை ஒழுகினால் யார் பணம் போடுவது? பிரித்து விற்றால் பங்கு போடுவது சுலபம். இதில் யாரையும் குற்றம் சொல்லி ஆகப்போவதில்லை. ஆனால், வெளியூர்க்காரர்கள் தூணுக்குக் கொடுக்கும் விலை உயர உயர, அடுத்த வீட்டை இடிப்பதும் லாபக் கணக்காகிவிடுகிறது.

பரோசாவைப் பற்றி ஆரம்பத்தில் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். அந்தப் பள்ளத்தாக்கை அடிலெய்டின் புறநகர் விழுங்கிவிடக் கூடாது என்று 2012-ல் தெற்கு ஆஸ்திரேலியா தனிச் சட்டமே போட்டது. தோட்ட நிலத்தை வீட்டுமனையாகக் கூறுபோட அங்கே தடை. செட்டிநாட்டு ஊர்கள் 2014-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பர்யச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறின. உத்தேசப் பட்டியல் என்பது பெயர் கொடுத்து வைப்பது மட்டுமே. அதனால் எந்த வீட்டின் கூரையும் தானாகச் சீராகிவிடாது. கோத்தமங்கலத்தில் ஒரு மாளிகையை பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் இருவர் புதுப்பித்து விடுதியாக நடத்துகிறார்கள். நகரத்தார் குடும்பங்கள் சிலவும் சொந்த வீட்டை அப்படிக் காப்பாற்றியிருக்கின்றன. விடுதியாகும் வசதி எல்லா வீட்டுக்கும் வாய்ப்பதில்லை.

ஆகவே, வாங்கியே தீருவேன் என்று நிற்கும் அந்த ஒருவரை, பிரித்தெடுத்த பொருளிலிருந்து இப்போதும் செய்யப்படும் பொருள் பக்கம் நகர்த்துவது நண்பரின் பொறுப்பு. பனை ஓலையில் பின்னும் செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடு உண்டு. பெரிய கட்டமும் அகலக் கரையும் போட்ட காரைக்குடி கண்டாங்கிச் சேலைக்கு 2019-ல் கிடைத்தது. கொட்டானுக்கு எடையே இல்லை, பையின் வெளியில் தொங்கவிட்டுக்கொள்ளலாம். சேலை, மடித்தால் அடியில் போய்விடும். பின்னியவருக்கும் நெய்தவருக்கும் நாளைக்கும் வேலை இருக்கும்.

சாப்பாட்டுக்கு வருவோம். ‘செட்டிநாடு சிக்கன்’ என்ற பெயரில் ஊர் ஊராக எண்ணெய் மிதக்க வருவதை இங்கே தேட வேண்டாம். இந்தச் சமையலின் குணம் காரமில்லை, வாசனை. கல்பாசி, மராட்டி மொக்கு, அன்னாசிப்பூ, மிளகு எல்லாம் அளவாக, அன்றன்றைக்கு அரைத்துச் சேர்ப்பது. காலையில் இடியாப்பமும் கோசுமல்லியும், மாலையில் வெள்ளைப் பணியாரமும் மிளகாய்ச் சட்னியும், மதியத்துக்கு ஏதாவது ஒரு மெஸ்ஸில் உப்புக்கறி. கவுனி அரிசி இனிப்பு எங்கே கிடைத்தாலும் விடக் கூடாது. கறுப்பாக, கொஞ்சம் பிசுபிசுப்பாக இருக்கும். பர்மா தொடர்பில் வந்து, இங்கேயே தங்கிவிட்ட அரிசி.

மூன்றாம் நாளை இருவரும் பேசி முடிவு செய்யலாம். கோயில் வேண்டுமென்றால் பிள்ளையார்பட்டி. மலையைக் குடைந்த கருவறையில் இரண்டே கைகளோடு, வலம் சுழித்த தும்பிக்கையோடு கற்பக விநாயகர். அதையொட்டிய சிராவயலில்தான் 1927-ல் காந்தியும் ஜீவாவும் சந்தித்தார்கள். பொங்கல் சமயமென்றால் அங்கே மஞ்சுவிரட்டு. கோட்டை வேண்டுமென்றால் புதுக்கோட்டை பஸ்ஸில் ஏறி திருமயம். சேதுபதி 1687-ல் கட்டிய கோட்டையின் உச்சியில் மாலைக் காற்று அருமையாக இருக்கும்.

எதுவும் வேண்டாம், நடக்கவே போதும் என்பவர்களுக்கு காரைக்குடி டவுனே இருக்கிறது. கம்பனுக்கும் கண்ணதாசனுக்கும் மணிமண்டபங்கள், தமிழ்த்தாய்க்கு ஒரு கோயில். வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் இந்த ஊருக்கு வந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், 1953-ல் திறக்கப்பட்டது. சினிமாப் பிரியர்கள் தேவகோட்டை ரஸ்தா பக்கம் போகும்போது ஒன்றை நினைத்துக்கொள்ளலாம். 1947-ல் வெளிவந்த ஏவி.எம்.மின் ‘நாம் இருவர்’ உருவானது கோடம்பாக்கத்தில் அல்ல, இங்கே.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வருவது உத்தமம். சித்திரை வெயிலில் தெருத்தெருவாக நடப்பது நட்புக்கே ஆபத்து. சென்னைக்குத் திரும்பும் பல்லவன் அதிகாலையிலேயே கிளம்பிவிடும் என்பதால், லாட்ஜ் கணக்கை முந்தின இரவே முடித்துவிடுங்கள். ஆத்தங்குடியில் ஆசைப்பட்டு இரண்டு டைல்ஸ் வாங்கியிருந்தால் துணியில் சுற்றி, இருவர் பையிலும் ஆளுக்கு ஒன்றாக வையுங்கள். பார்க்கத்தான் சின்னது, கனம் தோளை இழுக்கும்.