மூன்று சோடி டயரும் பதினெட்டு வளைவும்

எனது தாய்வீடு காத்தான்குடி. வாழ்க்கைப்பட்டது அக்குறணையில். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பதே எங்கள் கிழக்கின் வழக்கம். கணவரின் தொழில் மலைநாட்டில் என்பதால் என் விடயத்தில் அது மாறிப்போயிற்று. ஆகவே 2011 முதல் வருடத்தில் மூன்று நான்கு தடவையாவது உம்மாவைப் பார்க்க மோட்டார் சைக்கிளிலேயே போய் வருகிறோம். ஒரு வழிக்கு ஏறத்தாழ 200 கிலோமீற்றர். அபாயாவின் விளிம்பு சங்கிலியில் அகப்படாமல் சுருட்டிக்கொண்டு, தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு, சுபஹ் தொழுத கையோடு புறப்பட்டு விடுவோம்.

அழகான பாதை அது. மடவளை, திகன தாண்டித் தெல்தெனியவை அடைந்தால் விக்டோரியா நீர்த்தேக்கம் மரங்களுக்கிடையே பளபளக்கும். பழைய தெல்தெனிய நகரம் அந்த நீருக்கடியில்தான் கிடக்கிறது. ஹுன்னஸ்கிரியவில் பனிமூட்டம் முகத்தை நனைக்கும். உடுதும்பறைக்கு அப்பால் மலை திடீரென முடிந்து, மகாவலிச் சமவெளி வயலும் காடுமாகக் கீழே விரிந்து கிடக்கும். அங்கே இறங்கும் பாதையைத்தான் பதினெட்டு வளைவு என்கிறார்கள். கீழே ஹசலக்க. அதன் பின் மகாவலிப் பாலத்தைக் கடந்து மகியங்கனை, பதியத்தலாவை, வெந்நீரூற்றுகள் உள்ள மகா ஓயா, செங்கலடி என்று பாதை நீளும். கடைசியில் கல்லடிப் பாலத்தில் ஏறியதும் வாவிக் காற்று வந்து மோதும். எனக்கு வீடு வந்துவிட்டது போலிருக்கும்.

பாதை ஒன்றானாலும் டயருக்கு அது இரண்டு பாதைகள். மலையில் ஈரமும் வளைவும். சமவெளியில் கொதிக்கும் தாரும் நேர்ப்பாதையும். பாடசாலை விடுமுறைக் காலமான டிசம்பரில்தான் வடகீழ்ப் பருவக்காற்று அந்த மலைச்சரிவில் மழையைக் கொட்டும்.

பைக்கை வாங்கிய 2011 இல் ஒரு கடையில் புதிய டயர் சோடி ஒன்றைப் போட்டோம். விலை குறைவு. பால் கணக்கு எழுதும் கொப்பியின் பின்பக்கத்தில் நான் கிலோமீற்றர் கணக்கையும் குறித்து வந்தேன். கணவரின் தொழிற் பிரயாணங்களும் சேர்ந்து 21,000 தாண்டிய பிறகும் வரிப்பள்ளங்கள் ஆழமாகவே இருந்தன. “இன்னும் தேயல்லயே, ஏன் வீணாகக் காசைக் கொட்டணும்?” என்றார் அவர். சிக்கனம் என்று நானும் மகிழ்ந்தேன்.

2013 டிசம்பரில் ஒரு நாள் பதினெட்டு வளைவில் மெதுவாகத்தான் இறங்கிக்கொண்டிருந்தோம். மழை தூறியது. ஒரு வளைவில் பின்சக்கரம் சோப்பில் கால் வைத்தது போல வழுக்கிற்று. இருவரும் பாதையில் விழுந்தோம். மேலேறி வந்த லொறி என் காலிலிருந்து இரண்டு முழ தூரத்தில் நின்றது. பாதையோரத் தேநீர்க் கடையிலிருந்து ஓடி வந்த ஒரு சிங்களத் தாய் என்னைத் தூக்கி உட்கார வைத்துச் சுடச்சுடப் பிளேன்டீ தந்தார். முழங்காலும் மணிக்கட்டும் ஆற ஒரு மாதம் சென்றது. அந்த லொறி இன்னும் கனவில் வருகிறது.

பிறகு வேறொரு டயர் கடைக்குப் போனோம். அங்கிருந்த வயதான பாஸ் டயரின் பக்கத்தில் பொறித்திருந்த நான்கு இலக்கங்களைக் காட்டினார்: 3206. அதாவது 2006 ஆம் ஆண்டின் 32 ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. நாங்கள் வாங்கும்போதே அதற்கு ஐந்து வயது! “இது தேயல்ல மகள், காய்ஞ்சு போயிருக்கு” என்றார். பெண்களாகிய எங்களுக்கு இது புதிதா? பழைய இறப்பர் செருப்பு பார்க்க நன்றாக இருந்தாலும், காய்ந்து இறுகியபின் ஈரச் சீமெந்துத் தரையில் வழுக்குகிறதல்லவா? சாலையைத் தொடுவது ஒரு சக்கரத்தில் உள்ளங்கையளவு இடம் மட்டுமே. அந்த இறப்பர் மிருதுவாக இருந்து தாரின் சொரசொரப்பில் பதிந்தால்தான் பிடிப்பு.

இரண்டாவது சோடி மிகவும் மிருதுவானது. அடுத்த டிசம்பர் மழையில் வளைவுகளை நடுக்கமின்றி இறங்கினோம். ஆனால் மகியங்கனைக்கு அப்பாலுள்ள வெயிலும் நேர்ப்பாதையும் அதை அரைத்துவிட்டன. 9,000 கிலோமீற்றரில் பின்டயரின் நடுப்பகுதி தட்டையாகி, வளைவில் சாயும்போது பைக் தயங்கித் தயங்கிச் சாய்ந்தது.

மூன்றாவது சோடி நடுவில் சற்றுக் கடினமும் இரு ஓரங்களில் மிருதுவுமான இறப்பரால் ஆனது. நேர்ப்பாதையில் நடுப்பகுதி ஓடுகிறது. வளைவில் சாயும்போது ஓரம் பிடிக்கிறது. விலை கூட. பின்டயர் சுமார் 14,000 கிலோமீற்றர் வருகிறது. இன்றுவரை அந்த வகையையே மாற்றி மாற்றிப் போடுகிறோம்.

கொப்பியில் கணக்குப் பார்த்தால் முதல் சோடிதான் மலிவு. ஆனால் மருந்துச் செலவையும், ஒரு மாதம் பிள்ளையைத் தூக்க முடியாமலிருந்ததையும் எந்தப் பக்கத்தில் எழுதுவது? தேயாத டயர் நல்ல டயர் என்று எண்ணியது எங்கள் தவறு. தன்னைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துக் கொடுப்பதுதான் சாலையைப் பிடித்துக்கொள்கிறது.

சகோதரிகளே, வண்டி ஆண்களின் விடயம் என்று இருந்துவிடாதீர்கள். பின்னால் உட்காருவது நாங்கள்தானே. டயர் வாங்கும்போது அந்த நான்கு இலக்கங்களைப் பாருங்கள். வரிப்பள்ளத்துக்குள் சிறு மேடுகள் இருக்கும்; டயர் அந்த மட்டத்துக்குத் தேய்ந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது. காற்றைப் புறப்படுமுன், டயர் குளிர்ந்திருக்கும்போதே அளக்கச் சொல்லுங்கள். இருவர் போனால் பின்சக்கரத்துக்குக் கூடுதலாக வேண்டும், அளவு பைக்கோடு வந்த புத்தகத்தில் இருக்கும். புதிய டயர் முதல் நூறு கிலோமீற்றருக்குச் சற்று வழுக்கும். அன்று அவசரம் வேண்டாம்.

இப்போதும் அந்த வளைவில் நிறுத்தி, அந்தத் தாயின் கடையில் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுத்தான் இறங்குகிறோம். அவர் என் முழங்காலைச் சுகம் விசாரிப்பார். இவர் குனிந்து டயரைத் தடவிப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் உம்மாவின் வீட்டை நோக்கிப் பிரயாணம்.