மூன்று கிராம் பால் கவர்

அம்பத்தூரில் ஆவினுக்கு ஒரு பெரிய பால் பண்ணை இருக்கிறது. சுற்றுவட்டாரத் தெருக்களுக்கெல்லாம் விடியும் முன்பே நீலக் கவரும் பச்சைக் கவரும் வந்து சேர்ந்துவிடும். பால் காய்ந்து, காப்பி குடித்து முடிப்பதற்குள் கவர் குப்பைக் கூடைக்குப் போய்விடுகிறது. சென்னையின் குப்பைப் பிரச்சினை புரிய வேண்டுமானால், அந்தக் கவர் அதற்குப் பிறகு எங்கே போகிறது என்று பார்த்தாலே போதும்.

2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பொருள்கள் 14-க்குத் தமிழக அரசு தடை விதித்தது. பால் கவருக்கு விலக்கு கொடுத்தது. வேறு வழியில்லை, பாலை மஞ்சப்பையிலா ஊற்றித் தர முடியும்? விலக்கு பெற்ற இந்தக் கவர் பிளாஸ்டிக்கிலேயே நல்ல ரகம். வெறும் பாலிஎத்திலீன், உருக்கி வேறு பொருளாக வார்த்துவிடலாம். காயலான் கடையில் எடை போட்டு வாங்கிக்கொள்கிறார்கள். சிப்ஸ் பாக்கெட்டைக் கொண்டுபோனால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அது பல அடுக்குகளை ஒட்டிச் செய்தது, பிரித்தெடுக்கக் கட்டுப்படியாகாது.

ஆனால் அரை லிட்டர் கவரின் எடை மூன்று கிராமுக்குள்தான். நாளுக்கு இரண்டு கவர் வாங்கும் வீட்டில் ஒரு கிலோ சேர ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும். கழுவாத கவர் ஒரே நாளில் புளித்து நாறும். அதைப் போய் ஆறு மாதம் யார் வைத்திருப்பார்கள்? அதனால்தான் கூடைக்குப் போகிறது. என் அனுபவத்தில், கவரைக் காலி செய்த கையோடு கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி, சிங்க்குக்கு மேலே டைல்ஸில் ஒட்டிவிட்டால் சாயங்காலத்துக்குள் உலர்ந்து தானே விழுந்துவிடும். அலசிய தண்ணீர் துளசிச் செடிக்கு. வெட்டும்போது மூலையை முழுக்கத் துண்டிக்காமல் ஒட்டியபடியே விடவேண்டும். தனியே விழும் அந்த முக்கோணத் துணுக்கை எந்தக் கையும் பொறுக்காது. சாக்கடைக்கோ மண்ணுக்கோதான் போகும்.

எங்கள் தெருவுக்குக் குப்பை எடுக்க வரும் பேட்டரி வண்டியின் பக்கவாட்டில் சாக்குப் பைகள் தொங்கும். பாட்டிலுக்கு ஒன்று, அட்டைக்கு ஒன்று, கவருக்கு ஒன்று. "கவர் நிறைய கெடைக்குதாக்கா?" என்று வண்டி ஓட்டும் அக்காவிடம் ஒருநாள் கேட்டேன். "எங்க சார், எல்லாம் சாம்பார்ல ஊறி வருது. ஒண்ணொண்ணா கழுவிக்கினு இருக்க முடியுமா?" என்றார். திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டிலேயே பிரித்துக் கொடுக்கச் சொல்லிப் பக்கம் பக்கமாக எழுதியிருப்பதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். ஈரக் குப்பை தொட்டதெல்லாம் விலை இழக்கிறது.

விலை இழந்ததெல்லாம் மேடாகிறது. அம்பத்தூர் நகராட்சியாக இருந்த காலத்துக் குப்பை அத்திப்பட்டில் குவிந்தது; 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்த பிறகு கொடுங்கையூருக்குப் போகிறது. ஆவடிக்குச் சேக்காடு. நம் தெரு சுத்தமாவது யாரோ ஒருவருடைய தெருமுனையில் கொட்டித்தான். அங்கே ஈரக் குப்பை காற்றில்லாமல் அழுகி மீத்தேன் கிளம்புகிறது. மேலே காய்ந்த பிளாஸ்டிக். ஒரு பொறி போதும். 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பை மேடு நாள்கணக்கில் எரிந்தது. கொடுங்கையூரில் எரிஉலை அமைக்கும் திட்டத்தை வடசென்னைக்காரர்கள் எதிர்ப்பதில் எனக்கு ஆச்சரியமில்லை. புகையை ஏற்கெனவே சுவாசித்தவர்கள் அவர்கள்.

விலை வைத்தால் பொருள் திரும்பி வரும் என்பதற்கு நீலகிரியே சாட்சி. சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதால் 2022-இல் அங்கே டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தந்தார்கள். காட்டில் கிடந்த பாட்டில் கடைக்குத் திரும்பியது. பால் கவருக்கும் ஆவினும் தனியார் பால் நிறுவனங்களும் அப்படி ஒரு விலை வைக்க வேண்டும் என்பது என் கட்சி. குடிகாரரிடம் எதிர்பார்க்கும் பொறுப்பை நிறுவனத்திடம் எதிர்பார்க்கக் கூடாதா?

அதுவரை நாம்தான். ஈரத்துக்கு ஒரு மூடிபோட்ட வாளி, உலர்ந்ததற்கு ஒரு கோணிப்பை, இவ்வளவு போதும். தென்னை மரம் இருக்கும் வீட்டுக்காரர்கள் மட்டையைக் கொளுத்தாமல், ஈரக் குப்பையையும் சருகையும் மரத்தடிக் குழியில் போட்டு மூடலாம். பழைய சோபா, மெத்தை என்றால் ஏரிக்கரையில் தள்ளாமல், மாநகராட்சி எல்லைக்குள் இருப்பவர்கள் 1913-க்குச் சொல்லுங்கள். உடைந்த கண்ணாடி, பிளேடு, ஊசி, நாப்கின் இவற்றைத் தாளில் சுற்றித் தனியாகக் கொடுத்து, வாயாலும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். வண்டிக்காரரின் கையுறை மெல்லியது.