சரடு நீக்கிய எடை

முத்துமாலை அறுந்தால் வீட்டில் எல்லோரும் முதலில் குனிவது கட்டிலுக்கு அடியில்தான். நெய்வேலி இந்திரா நகரில் மாலை கட்டக் கற்றுத்தரும் ஓர் அக்காவிடம் வருகிற மாலைகளில் பலவும் அப்படிக் கட்டிலடியிலும் பீரோ சந்திலும் பொறுக்கிச் சேர்த்து, பழைய மாத்திரை டப்பாவில் போட்டுக் கொண்டுவரப்பட்டவை. “மொத்தம் எத்தனை இருந்துச்சு?” என்று அக்கா கேட்பார். கொண்டுவந்தவர் முழிப்பார். கழுத்தில் கிடக்கும்வரை யார் எண்ணிப் பார்க்கிறார்கள்?

நான் போயிருந்த அன்றும் ஒரு டப்பா வந்தது. நைலான் நரம்பில் வரிசையாகக் கோத்த மாலை. முடிச்சே கிடையாது. அப்படிக் கோத்தால் ஒரு இடத்தில் அறுந்தாலும் மொத்தமும் கொட்டும். முத்துக்கு முத்து முடிச்சு விழுந்திருந்தால் போவது ஒன்றோடு நிற்கும். பக்கத்து முத்தோடு உரசித் தேய்வதும் இருக்காது. அக்கா மூன்றாவதாக ஒரு காரணம் சொன்னார்: “முடிச்சு போட்டாத்தான் மாலை வளைஞ்சு குடுத்துக் கழுத்துல உக்காரும். இல்லேன்னா விறைச்சிக்கிட்டு நிக்கும்.”

இந்திரா நகர், நிலக்கரி நிறுவனமான என்.எல்.சி.யின் டவுன்ஷிப்புக்கு வெளியே இருக்கிறது. என்.எல்.சி.யில் ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட வேண்டும். சொந்த ஊருக்குத் திரும்ப மனமில்லாத பலர் இங்கே மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டார்கள். அக்காவின் வீட்டுக்காரரும் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அவர் ஓய்வு பெற்று வருஷங்கள் ஆகியும் அக்காவின் பேச்சில் பொழுது இன்னும் ஷிஃப்ட் கணக்கில்தான் ஓடுகிறது. “செகண்ட் ஷிஃப்ட் கிளம்புறதுக்குள்ள பாதி மாலை ஏறிரும்” என்கிறார். கிளம்புவதற்கு அந்த வீட்டில் இப்போது யாரும் இல்லை.

அவர் இதைக் கற்றது ஹைதராபாத்தில். மகள் அங்கே குடியிருந்தபோது, சார்மினாருக்குப் பக்கத்துப் பத்தர்கட்டிக் கடைகளில் மாலை கட்டுபவர்கள் எதிரில் போய் உட்கார்ந்து பார்த்தே பிடித்துக்கொண்டாராம். வாங்கிய முத்தை வாடிக்கையாளர் கண்ணெதிரிலேயே கோத்து, கொக்கி வைத்துக் கொடுத்துவிடுவார்கள் அங்கே. அந்த வேகம் தனக்கு வராது என்று அக்கா ஒப்புக்கொள்கிறார். கடையில் பெரும்பாலும் ஓரத்துக்கு மட்டும் இரண்டு மூன்று முடிச்சு போட்டு ஆளை அனுப்பிவிடுகிறார்கள் என்றும் சேர்த்துக்கொள்கிறார்.

வேலை டர்க்கி டவலை விரிப்பதில் தொடங்குகிறது. அதன் மேல் முத்து உருளாது. பெரியது நடுவில், சிறியது ஓரத்தில் என்று வரிசை போட வேண்டும். ஒரே அளவு என்று சொல்லி விற்கும் சரத்திலும் ஏற்ற இறக்கம் இருக்கும். கண்ணுக்குத் தெரியாதது விரலில் உருட்டும்போது தெரியும். 6 மில்லிமீட்டர் முத்து 65 எடுத்துக்கொண்டால், முடிச்சில்லாமல் கோத்த நீளம் பதினைந்தரை அங்குலத்துக்குள் அடங்கும். முடிச்சு ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் இடம் பிடித்து, கொக்கியும் சேரும்போது மாலை ஏறக்குறைய பதினேழரை அங்குலம் ஆகிவிடும். “கழுத்துக்கு அளவு எடுக்கிறப்பவே முடிச்சையும் அளந்துக்கணும்” என்று அக்கா ஒரு நோட்டில் கணக்கு எழுதி வைத்திருக்கிறார். முத்தின் அளவு, எண்ணிக்கை, நூலின் கனம், முடிந்த நீளம். தையற்கடை நோட்டு ஒன்றின் பின்பக்கத்தில் அந்தக் கணக்கு போகிறது.

நூல் பட்டு, இரட்டையாகப் போடுவது. மாலை நீளத்தைப்போல ஐந்து மடங்கு வெட்டி, முதல்நாளே நனைத்து, நுனியில் ஒரு பூட்டைக் கட்டிக் கொடியில் தொங்கவிட்டுவிடுகிறார். பட்டு இழுபடும் குணமுள்ளது. இழுபட வேண்டியதை முன்னாலேயே இழுபட விட்டுவிட்டால், மாலை கட்டிய பிறகு முத்துக்கும் முடிச்சுக்கும் நடுவே சந்து விழுவது குறையும். ஊசி, மெல்லிய கம்பியை இரட்டையாக முறுக்கிச் செய்தது. அதன் காது நூலை வாங்கும்போது விரிந்திருக்கும், முத்தின் துளைக்குள் போகும்போது நசுங்கிக்கொள்ளும். அந்த ஊசி கைவசம் இல்லாவிட்டால் நூல் நுனியில் நெயில் பாலிஷ் தடவிக் காயவைத்து, சாய்வாக வெட்டிவிட்டால் போதும். நுனியே ஊசியாகிவிடும்.

பிறகு முடிச்சு. முத்தை ஏற்றி, முந்தைய முடிச்சோடு ஒட்டத் தள்ளுகிறார். இடது கையின் இரண்டு விரல்களில் நூலை ஒரு சுற்றுச் சுற்றி, மாலையின் ஏற்றிய பாகம் முழுவதையும் அந்த வளையத்துக்குள் போட்டு எடுக்கிறார். இப்போது தளர்ந்த ஒரு முடிச்சு முத்துக்குக் கொஞ்ச தூரத்தில் நிற்கிறது. அதை அங்கேயே இறுக்கிவிட்டால் போச்சு. பட்டில் இறுகிய சின்ன முடிச்சை அவிழ்ப்பதைவிட வெட்டுவது சுலபம். அக்கா ஒரு கோணி ஊசியை எழுதித் தீர்ந்த பால்பாயின்ட் பேனாவின் குழாயில் செருகி வைத்திருக்கிறார். அதன் முனையை முடிச்சின் நடுவில் விட்டு, முடிச்சை அப்படியே நகர்த்திக்கொண்டு வந்து முத்தின் துளை வாயில் உட்காரவைக்கிறார். நூலை இழுக்க இழுக்க முடிச்சு ஊசிமுனையைச் சுற்றிச் சுருங்குகிறது. கடைசி நொடியில் ஊசியை உருவி, இரட்டை நூலின் இரு இழைகளையும் இரண்டு கை நகத்திலும் பிடித்து எதிரெதிர்ப் பக்கமாக விலக்குகிறார். அந்த விலக்கலில் முடிச்சு இன்னும் ஒரு மயிரிழை உள்ளே போய் முத்தை முட்டுகிறது. லேசாக ஒரு சத்தம்கூட வருகிறது, அல்லது வருவதாக எனக்குப் பட்டது.

கற்றுக்கொள்பவர்கள் தடுமாறுவது இங்கேதான். ஊசியைச் சீக்கிரம் உருவினால் முடிச்சு முத்தைத் தொடாமல் எம்பி நிற்கும். தாமதித்தால் ஊசி மாட்டிக்கொண்டு இழையைக் கீறும். வகுப்பில் இருந்த கல்லூரிப் பெண் முடிச்சுக்கு முடிச்சு நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவள் இன்ஸ்டாகிராமில் விற்கப் போகிறாளாம். மாலைக்கு இன்னும் கொக்கி வைக்கவில்லை, பக்கத்துக்குப் பெயர் வைத்தாகிவிட்டது.

அந்த அறையில் முடிச்சு தவறாமல் விழுந்தது மந்தாரக்குப்பத்திலிருந்து வந்த ஒருவருக்கு. கணவர் ஒப்பந்தத் தொழிலாளி. இவர் பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கப் போய்க்கொண்டிருந்தவர். முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெய் தோலை அரித்துவிடும். சாம்பலையோ விளக்கெண்ணெயையோ தடவிக்கொண்டுதான் உடைப்பார்கள். அப்படியும் இவர் விரல் நுனிகள் கறுத்து, நகக்கண்ணோரம் தோல் தடித்துக் கிடந்தன. முத்தைத் தொடுவதற்கு முன் எல்லோரையும் சோப்புப் போட்டுக் கைகழுவ அனுப்பும் அக்கா இவர் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “கறை இருந்தாப் பரவால்லம்மா, பிசுக்குதான் ஆகாது” என்றார். முந்திரியில் முழுப் பருப்புக்கு ஒரு விலை, உடைந்ததுக்கு ஒரு விலை. எவ்வளவு அழுத்தினால் ஓடு மட்டும் விடும் என்பதை வருஷக்கணக்கில் பழகிய கை, நூல் எவ்வளவு இழுத்தால் போதும் என்பதைச் சீக்கிரமே பிடித்துக்கொண்டதில் எனக்கு ஆச்சரியம் ஏற்படவில்லை. ஆனால் அதை யாரும் அவருடைய படிப்பு என்று கணக்கில் வைப்பதில்லை.

மாலையின் இரு முனைகளும் தனி வேலை. கொக்கியின் வளையத்தில் பட்டு நேரடியாக உரசினால் அந்த இடம்தான் முதலில் நைந்து போகும். அதனால் நூலை மெல்லிய கம்பிச் சுருள் ஒன்றுக்குள் விட்டு, அந்தச் சுருளைக் கொக்கிக்குள் வளைத்து, நூலைக் கடைசி முத்துக்குள்ளேயே திருப்பி விடுகிறார்கள். ஏற்கெனவே இரட்டை நூல் போன துளையில் மறுபடி நூல் போக வேண்டும். ஓர முத்துகளின் துளையை வைரப்பொடி பூசிய சின்ன அரத்தால், தண்ணீரில் நனைத்து நனைத்துப் பெரிதாக்க வேண்டியிருக்கிறது. நல்ல முத்தில் இதைச் செய்யும்போது அக்கா யாரோடும் பேசுவதில்லை.

நல்ல முத்து என்று இங்கே வருவதில் பெரும்பகுதி ஹைதராபாத் முத்து. அதில் பெரும்பகுதி சீனத்து நன்னீர்ச் சிப்பிகளில் விளைந்து, ஹைதராபாத்தில் விலைபோனது. துளையிடுவதில் பேர்போனது அந்த நகரம். நம் கடலில் முத்துக் குளிப்பு நின்றுபோய் அறுபது வருஷத்துக்கு மேலாகிறது. தூத்துக்குடியில் கடைசி முத்துக் குளிப்பு நடந்த 1961-இல்தான் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி முதன்முதலாக வெட்டவெளிக்கு வந்தது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத விஷயங்கள்தான். ஆனாலும் இந்த ஊரில் உட்கார்ந்து முத்தைக் கையில் உருட்டும்போது அந்த வருஷம் நினைவுக்கு வராமல் போகாது. பிறகு 1973-இல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் அழகர்சாமி தூத்துக்குடியில் சிப்பிக்குள் முத்தை வளர்த்துக் காட்டினார். அது ஆய்வுக்கூடத்தில் பெற்ற வெற்றியாகவே பெரும்பாலும் நின்றுவிட்டது. கடைவீதி நிறைந்தது சீன முத்தால்.

அக்காவுக்கு அந்த வரலாற்றில் அக்கறையில்லை. முத்து வேர்வைக்கும் சென்டுக்கும் ஆகாது, கடைசியாகப் போட்டு முதலில் கழற்ற வேண்டும், மெத்தென்ற துணியால் துடைத்து வைக்க வேண்டும் என்பவைதான் அவர் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லும் வேதம். முத்து சுண்ணாம்புப் பொருள். எலுமிச்சைச் சாறு பட்டால் மேல்பூச்சு பொங்கிப்போகும். போலியா என்று கேட்டு வருபவர்களுக்குத் துளையோரத்தைப் பார்க்கச் சொல்கிறார். கண்ணாடி மணிக்கு மேல் பூசிய பளபளப்பு அங்கேதான் முதலில் உரியும்.

தஞ்சைப் பெரிய கோவில் சுவரில் ராஜராஜன் கொடுத்த நகைகளின் பட்டியலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முத்தை அந்தக் காலத்தில் எவ்வளவு நுணுகிப் பிரித்தார்கள் என்று. வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, கறடு, இரட்டை, சப்பத்தி, குளிர்ந்த நீர், சிவந்த நீர் என்று வகைவகையாகப் போகிறது. எடை போட்ட முறையும் அங்கேயே சொல்லப்பட்டிருக்கிறது. சரட்டையும் சட்டத்தையும் செப்பாணியையும் நீக்கிவிட்டு, தட்சிணமேரு விடங்கன் என்ற எடைக்கல்லால் நிறுத்தார்கள். கோவில் கணக்குக்கு அது நியாயம். நூலின் எடைக்கு யாரும் பொன் கொடுக்க முடியாது. ஆனால் சரட்டைக் கோத்த கையையும் அதோடு சேர்த்து நீக்கிவிடுகிற பழக்கம் கோவில் கணக்கோடு நிற்கவில்லை என்பதுதான் என் எண்ணம்.

பஸ் நிலையத்தில் நரிக்குறவப் பெண்கள் பாசிமணி கட்டுவதைப் பாருங்கள். அவர்களுக்கு முடிச்சு கிடையாது; கம்பியை மணிக்குள் விட்டு, குறடால் முனையை வளைத்து அடுத்த மணியோடு கோத்துவிடுவார்கள். மடியில் குழந்தை, பேரம் பேச எதிரில் நாலு பேர், கண் கையில் இல்லை, வளையம் மட்டும் ஒரே அளவில் விழுந்துகொண்டே இருக்கும். அவர்களிடம் பேரம் பேசும் நம்மவர்கள் மணி என்ன விலை என்றுதான் கேட்கிறார்கள். கட்டுக்கூலி அந்தப் பேச்சிலேயே வராது.

வீட்டில் உட்கார்ந்து செய்கிற வேலைக்கும் கதை இதேதான். வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கும் மற்றத் தொழிலாளர்களுக்கு உள்ள உரிமை வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996-இல் ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது. எண் 177. அதற்காக முன்னின்று குரல் கொடுத்தவர்களில் அகமதாபாத்தின் பெண் தொழிலாளர் அமைப்பான சேவாவும் உண்டு. இந்தியா இதுவரை அதை ஏற்று உறுதி செய்யவில்லை. டவுன்ஷிப்பில் ஓவர்டைம், நைட் ஷிஃப்ட் படி, போனஸ் என்று ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கணக்குப் பார்த்த குடும்பங்களிலேயே, அதே கூரையின்கீழ் பெண்கள் கோத்தது ‘சும்மா பொழுதுபோக்கு’ ஆகத்தான் இருந்தது. அக்காவே நெடுநாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாராம். “காபி குடுத்துட்டு ‘ஒரு மாலை கட்டிக் குடுங்க’ம்பாங்க. நானும் கட்டிக் குடுத்துட்டே இருந்தேன்.”

இப்போது அவர் முடிச்சுக் கணக்கில் கூலி வாங்குகிறார். டப்பாவைக் கொட்டி, வந்தவர் எதிரிலேயே முத்தை எண்ணி, அத்தனை முடிச்சு, முனைகளுக்கு இவ்வளவு, நூலுக்கு இவ்வளவு என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுகிறார். சிலர் சீட்டைப் பார்த்துவிட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். கடையில் கியர் வயர் என்கிற கம்பியில் கோத்து, இரண்டு பக்கமும் பூட்டு நசுக்கி, அரைமணி நேரத்தில் முடித்துக் கொடுத்துவிடுவார்கள், கூலியும் குறைவு. அந்த மாலையும் உழைக்கும். முத்துக்கு நடுவே உரசல் இருக்கும், அவ்வளவுதான். எல்லா மாலைக்கும் பட்டும் முடிச்சும் வேண்டும் என்று அக்காவும் சொல்வதில்லை.

நான் கிளம்பும் நேரத்தில் சின்னதாக ஒரு வாக்குவாதம். மந்தாரக்குப்பத்துக்காரர் வெளியூர் ஃபேன்சி கடை ஒன்றுக்கு பிளாஸ்டிக் மணி மாலைகளை டஜன் கணக்கில் கட்டித்தர ஒத்துக்கொண்டிருந்தார். கூலியைக் கேட்டதும் அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

“முடிச்சுக்குப் போட்டுப் பாரு. உனக்கு என்ன நிக்கிது? இவ்ளோ கைச்சுத்தம் இருந்தும் நீயே உன் கூலியை அடிச்சா, நாளைக்கி எல்லாரும் அந்த ரேட்டுதான் கேப்பாங்க.”

“உங்களுக்குப் பென்ஷன் வீடுக்கா” என்றார் அவர். குரலில் சூடு இல்லை. “எனக்கு இவரு கான்ட்ராக்ட்டு ஒரு மாசம் இருக்கும், ஒரு மாசம் இருக்காது. முடிச்சுக்கு நல்ல கூலி குடுக்கிற மாலை உங்களுக்கே மாசத்துக்கு எத்தனை வருது? இது வாராவாரம் மூட்டையா வருது. முந்திரின்னா கையி வேகும். இதுல அது இல்ல.”

அக்கா பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, பிளாஸ்டிக் மணிக்கு எந்த நைலான் நூல் சீக்கிரம் பிரியாது, எங்கே வாங்கினால் கட்டுக்கு இரண்டு ரூபாய் மிச்சமாகும் என்று சொல்ல ஆரம்பித்தார். மந்தாரக்குப்பத்துக்காரர் அதைச் செல்போனில் குறித்துக்கொண்டார்.