குக்ரி மூழ்கிய இரவு

1971 டிசம்பரில் பாகிஸ்தானின் 'ஹங்கோர்' என்னும் நீர்மூழ்கிக் கப்பல் அரபிக்கடலில் உலவியது. அதைத் தேடி அழிக்க நம் 'குக்ரி', 'கிர்பான்' கப்பல்கள் புறப்பட்டன. தேடப் போனவர்களே இரையான விந்தையைப் பௌதிக மாணவன் என்ற முறையில் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் பாயும். கப்பலின் சோனார் ஒலியெழுப்பி எதிரொலிக்குக் காத்திருக்க வேண்டும். நீர்மூழ்கியோ வாய்மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாலே போதும். பாடநூலில் இரண்டு வரியில் முடிகிற சங்கதிதான்!

பட்டம் பெற்றதும் கடற்படைக்கு மனுப் போடப் போவதாக வீட்டில் சொன்னேன். காட்பாடிப் பக்கம் பட்டாளம் புதிதல்ல. ஆயினும் ஷூ கம்பெனியில் வேலை செய்யும் அம்மா, "தரையில ஒண்ணு ஆனா பொதைக்க ஒடம்பாவது வரும்டா. கடல்ல?" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

டிசம்பர் 9 இரவு, தியூ அருகே, கிர்பான்மீது ஏவிய முதல் டார்பிடோ வீணாயிற்று. அடுத்தது குக்ரியைத் தாக்கியது. சில நிமிடங்களில் 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் கடலோடு போயினர். கேப்டன் மகேந்திர நாத் முல்லா பிறரைத் தப்பவிட்டுத் தாம் கப்பலிலேயே நின்றுவிட்டார். சில நாள் முன்பு, 'விக்ராந்த்' கப்பலைத் தேடி வங்கக்கடலுக்கு வந்த பாகிஸ்தானின் 'காஜி' நீர்மூழ்கி விசாகப்பட்டினம் அருகே மூழ்கியபோதும் ஒருவரும் பிழைக்கவில்லை.

தியூவில், கடலைப் பார்த்த ஒரு மேட்டில், குக்ரியின் சிறு மாதிரியைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள்.