தற்புகழ்ச்சியும் தன்மானமும்

தன்னைத்தானே புகழ்ந்துகொள்வது இழிவு என்று நமக்கு இளமை முதல் போதிக்கப்பட்டு வந்திருக்கிறது. அடக்கமே அழகு, நிறைகுடம் தளும்பாது என்றெல்லாம் கேட்டுக் கேட்டு நம் செவிகள் தேய்ந்திருக்கின்றன. நல்ல போதனைதான், மறுப்பவர் யார்? ஆனால் இப்போதனை எந்த நிலையில் இருப்பவனுக்கு உரியது என்று வினவுவோர் மிகச் சிலரே. குடம் நிறைய வைத்திருப்பவனைப் பார்த்துத் தளும்பாதே என்பது பொருந்தும். குடமே உனக்கில்லை என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டவனைப் பார்த்து அப்படிச் சொல்வது பொருந்துமா? இந்த வினாவை என் உள்ளத்தில் எழுப்பியது நீதிநூல் அன்று, ஓர் இசைத்தொகுப்பு.

2006 ஆம் ஆண்டில் நமது மலேசியாவில் ‘வல்லவன்’ என்னும் பெயரோடு அத்தொகுப்பு வெளிவந்தது. பாடியவர்கள் ‘யோகி பி அண்டு நட்சத்திரா’ குழுவினர். யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் என்பன அவர்களுடைய மேடைப் பெயர்கள். பாட்டின் வகை ‘ராப்’. அதாவது, தாளத்தின் மீது சொற்களை விரைவாக அடுக்கி, பேச்சும் பாட்டும் ஒன்றாகும்படி முழங்குவது. 1970களில் நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில், வறுமையும் புறக்கணிப்பும் சூழ்ந்த கறுப்பின இளைஞரிடையே வளர்ந்த கலை இது. யோகி பி இதற்கு முன்னரே ‘பொயட்டிக் அம்மோ’ என்ற குழுவில் சேர்ந்து, 1998 இல் ஆங்கிலப் பெயர் தாங்கிய தொகுப்பொன்றை வெளியிட்டுப் புகழ் பெற்றவர். ஆங்கிலத்திலே பெயர் எடுத்த ஒருவர் தமிழை நாடி வந்தது சிறிய செய்தியன்று.

நான் ஒரு தோட்டக் கிராணி. சுங்கைப் பட்டாணிக்கும் கூலிமுக்கும் இடையிலுள்ள ஒரு செம்பனைத் தோட்டத்தில் குலைக்கணக்கும் சம்பளக்கணக்கும் எழுதிக் காலங் கழிப்பவன். ‘வல்லவன்’ வந்தபோது பள்ளி மாணவன். அதுவும் ஆங்கில வழியிலே பயின்றவன். எங்கள் வகுப்பில் தமிழ்ப்பிள்ளைகள் தமிழ்ப்பாட்டைக் காதோடு காதாகக் கேட்பார்களேயன்றிப் பிறர் கேட்க வைக்கமாட்டார்கள். அத்தொகுப்பு வந்த பின்னர், பேருந்தின் பின்னிருக்கையில் அது உரக்க ஒலித்தது. சீனத் தோழர்களும் மலாய்த் தோழர்களும் திரும்பிப் பார்த்து, என்ன பாட்டு என்று கேட்டார்கள். தமிழென்று சொல்லும்போது குரல் தாழாமல் இருந்தது அன்றுதான்.

முதியவர்களுக்கு இது பிடிக்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், வேலையினின்றும் ஓய்வு பெற்ற ஒரு பழைய தண்டல், அலுவலகத் திண்ணையிலே அமர்ந்திருந்தபோது, என் கைப்பேசியில் ஒலித்ததைக் கேட்டு முகம் சுளித்தார்.

“கிராணி, இது பாட்டா, சண்டையா? நான் வல்லவன், நான் கெட்டிக்காரன் என்று அவனே சொல்லிக்கொள்கிறானே!”

“ஐயா, அந்தக் காலத்தில் துரை உங்களை என்ன சொல்லி அழைப்பார்?” என்று கேட்டேன்.

“துரையா பேர் சொல்லிக் கூப்பிடுவார்? கூலி என்பார். கோபம் வந்தால் அதையும் சொல்லமாட்டார், கைதட்டுவார்.”

“அப்படியானால், உங்கள் பேரன் தன் பெயரைத் தானே உரக்கச் சொல்லிக்கொள்ளட்டுமே!”

பெரியவர் மறுமொழி சொல்லவில்லை. ஒலியைக் குறைக்கும்படியும் சொல்லவில்லை.

இலக்கணம் கற்றோர்க்கும் ஒரு சொல். தற்புகழ்ச்சி தகாது என்று விதித்த அதே நன்னூல், தன் பாயிரத்திலேயே அதற்கு விலக்கும் வகுத்திருக்கிறது. தன் ஆற்றலை அறியாதவரிடையிலும், எதிரி தன்னைப் பழித்த காலத்திலும் புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளலாம் என்று பவணந்தியாரே இடங்கொடுக்கிறார். நம்முடைய ஆற்றலை அறியாதவர் நடுவிலேதானே நாம் நூறாண்டுக்கு மேலாக வாழ்கிறோம்? கூலி என்ற பழிப்பை விடவா வேறொரு பழிப்பு வேண்டும்? திருப்புகழின் சந்தத்தில் தலையாட்டுகிறவர்கள், எதுகையும் மோனையும் மின்னலெனப் பாயும் இந்தச் சந்தத்தைக் கேட்டுமட்டும் காதைப் பொத்திக்கொள்வது ஏன்? பாடுகிறவன் இன்னாருடைய மகன் என்று இந்த மேடை கேட்பதில்லை. அதுவே சிலருக்கு உறுத்துகிறதோ என்னவோ!

அத்தொகுப்பிலே ‘கவிதை குண்டர்’ என்று ஒரு பாட்டுண்டு. இந்நாட்டில் ‘குண்டர்’ என்றால் எவரைக் குறிக்கும் என்று நமக்குத் தெரியும். 2013 இல் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயர்களை வெளியிட்டது. அவற்றின் உறுப்பினர்களில் பத்துக்கு ஏழு பேர் இந்தியர் என்றும் கூறியது. பால்மரம் வீழ்ந்து செம்பனை வந்தது. செம்பனையும் வீழ்ந்து வீட்டுமனை வந்தது. லயத்திலே வளர்ந்த குடும்பங்கள் பட்டணத்து அடுக்குவீடுகளில் அடைந்தன. கோயிலும் பந்துத்திடலும் உறவும் போயின. மூலைக் கடையில் நிற்கும் ‘அண்ணன்’ ஒருவனே பையனுக்கு ஆதரவானான். அந்தப் பையன் தெருவிலே தேடியதும் ஒரு பெயர்தான், ஒரு மதிப்புத்தான். அவனுக்குச் சூட்டப்பட்ட அதே இழிசொல்லை எடுத்துக் கவிதையோடு கோத்து, கத்தியில்லாமலும் பெயர் எடுக்கலாம் என்று காட்டினார்களே, இதற்கு ஈடான பிரசங்கம் எந்த மேடையில் நடந்தது?

இன்னொன்றும் எண்ணத்தக்கது. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு ‘ரஜுலா’ கப்பல் ஓடிய நாளிலிருந்து, பாட்டும் படமும் அங்கிருந்து இங்குதான் வந்தன. நாம் கேட்பவர்; அவர்கள் கொடுப்பவர். ‘வல்லவன்’ அந்த வழக்கத்தைத் திருப்பியது. 2007 இல் ‘பொல்லாதவன்’ படத்தில் பாட யோகி பி தமிழ்நாட்டுக்கு அழைக்கப்பட்டார். அங்கே ‘ஹிப்ஹாப் தமிழா’வின் தொகுப்பு வந்தது 2012 இல். இம்முறை சரக்கு இங்கிருந்து அங்கே போயிற்று. ‘கடாரங்கொண்டான்’ என்று ஆயிரமாண்டுக்கு முந்திய படையெடுப்பைச் சொல்லி மார்தட்டுவோர், உயிரோடிருக்கும் தமிழர் செய்த இந்தப் படையெடுப்பையும் கொஞ்சம் நினைக்கலாம்.

குறையே இல்லையா எனில், உண்டு. அத்தொகுப்பிலே எல்லோரும் அறிந்த ‘மடை திறந்து’, 1980 இல் வந்த ‘நிழல்கள்’ படத்தில் இளையராஜா அமைத்த பாட்டின்மேல் ஏறி நிற்பது. நம் முதல் முழக்கத்துக்கும் சினிமாவின் தோள் தேவைப்பட்டது. அன்றியும், ‘நான் வல்லவன்’ என்பது முதற்படிதான். ‘நாம் யார்’ என்பது அடுத்த படி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டியின் நினைவை அறிவு என்னும் கலைஞர் 2021 இல் ‘என்ஜாய் எஞ்சாமி’யிலே கொண்டுவந்தார், உலகமே கேட்டது. இருட்டிலே எழுந்து மங்கும் வாளியும் சுமந்த நம் பாட்டியும் அவ்வளவு உரக்கப் பாடப்பட வேண்டும். 1947 இல் பீடோங் வட்டாரத்தில் கள்ளுக்கடையை எதிர்த்து நின்று, அடிபட்டுச் சிறைபுகுந்த தொண்டர் படையினரும் பாடப்பட வேண்டும். அவர்கள் தம்மைப் புகழ்ந்துகொள்ளவில்லை. புகழவேண்டியது நம் கடமை.

ஆகவே பெரியோர்களே, வீட்டுப் பையன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு தாளத்தோடு ஏதோ உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தால், உடனே அதட்டாதீர்கள். என்ன சொல்கிறான் என்று ஒருமுறை நின்று கேளுங்கள். தம்பிமார்களே, நீங்களும் உங்கள் பெயரைச் சொல்லி முடித்தபின், உங்கள் தோட்டத்தின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். பல தோட்டங்களுக்கு இனி அந்தப் பாட்டைத் தவிர வேறு பெயர்ப்பலகை இல்லை.